இடுப்பு மூட்டும் ஒரு கணக்குப் புத்தகமும்

ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மறுநாளே நிறுத்திவிடலாம். உடம்புக்குள் தொடை எலும்பில் அடித்து இறக்கிய உலோகத் தண்டை அப்படி நிறுத்த முடியுமா? இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் உள்ள பெரிய சிக்கலே இதுதான். பொருத்திய மூட்டு நல்லதா கெட்டதா என்று தெரிய பத்து, இருபது வருடம் ஆகும். அதுவரை கம்பெனியும் காத்திருக்காது, வலியில் துடிப்பவரும் காத்திருக்க மாட்டார்.

இந்தச் சிகிச்சையைக் குறை சொல்லிவிட முடியாது. 2007-ல் லான்செட் இதழில் வந்த ஒரு கட்டுரை இதை 'நூற்றாண்டின் அறுவை சிகிச்சை' என்றே அழைத்தது. கழிவறைக்குப் போகவே இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தவர் சில வாரங்களில் தானாக நடக்கிறார் என்றால் அந்தப் பட்டம் அதிகமில்லை. கேள்வி சிகிச்சையைப் பற்றியது அல்ல. அதன் பிறகு யார் கணக்கு வைத்துக்கொள்கிறார்கள் என்பதைப் பற்றியது.

இன்றைய இடுப்பு மூட்டுக்கு அப்பா என்று சொல்லத்தக்கவர் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் இருந்த ஜான் சார்ன்லி. அவருடைய கதையில் வெற்றியை விடத் தோல்விதான் சுவாரஸ்யமானது. 1950-களின் கடைசியில் அவர் கிண்ணத்துக்கு டெஃப்லானைத் தேர்ந்தெடுத்தார். ஆமாம், தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அதே டெஃப்லான்! வழவழப்பாக இருக்கும், உராய்வே இருக்காது என்பது கணக்கு. நோயாளிகள் எழுந்து நடந்தார்கள். ஏறத்தாழ 300 பேருக்குப் பொருத்திய பிறகுதான் விபரீதம் தெரிந்தது. இரண்டு மூன்று வருடத்தில் கிண்ணம் தேய்ந்தது, தேய்ந்த தூள் சுற்றியிருந்த திசுக்களைக் கெடுத்தது. சார்ன்லி அந்தத் தூளைத் தன் சொந்தத் தொடையிலேயே செலுத்திப் பார்த்து, உடம்பு எப்படி எதிர்க்கிறது என்பதை 1963-ல் லான்செட்டில் எழுதினார். கெட்டுப்போன மூட்டுகளைத் தானே திரும்பத் திறந்து எடுத்தார்.

அடுத்து நடந்தது கொஞ்சம் அதிர்ஷ்டம். 1962-ல் நெசவுத் தறிகளுக்கான பிளாஸ்டிக் பற்சக்கரங்கள் விற்க வந்த ஒருவர் புதுவகைப் பாலிஎதிலீன் துண்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். சார்ன்லிக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவர் வெளியூர் போயிருந்த நேரத்தில் அவருடைய பட்டறை உதவியாளர் ஹாரி கிரேவன் சும்மா இருக்காமல் அதைத் தேய்மான எந்திரத்தில் மாட்டிவிட்டார். மூன்று வாரம் ஓடியும், டெஃப்லான் ஒரே நாளில் தேய்ந்த அளவுக்குக்கூட அது தேயவில்லை. அந்தப் பாலிஎதிலீனின் வாரிசுகள்தான் இன்றும் பெரும்பாலான கிண்ணங்களில் இருக்கின்றன.

இங்கே கவனிக்க வேண்டியது கண்டுபிடிப்பை அல்ல, அதற்குப் பிறகு சார்ன்லி செய்ததை. ஒருமுறை சூடு பட்டவர் ஆயிற்றே! தன்னிடம் வந்து பயிற்சி பெறாத டாக்டர்களுக்கு மூட்டை விற்கக்கூடாது என்று ஆரம்பத்தில் தடுத்து வைத்தார். இறந்த பிறகு அந்த மூட்டை எடுத்துப் பார்க்க அனுமதி தாருங்கள் என்று நோயாளிகளிடம் கேட்டார். உயிரோடு இருக்கும்போதே இப்படிக் கேட்பது அபசகுனம் என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் பலர் சம்மதித்தார்கள். ஒரு தனி மனிதர் வைத்த கணக்குப் புத்தகம் அது.

அதை ஒரு நாடே வைத்தால் என்ன? சுவீடன் 1979-ல் தேசிய இடுப்பு மூட்டுப் பதிவேட்டைத் தொடங்கியது. யாருக்கு, எந்த மருத்துவமனையில், எந்த மூட்டு, எப்போது பொருத்தப்பட்டது, அது மறுபடி எப்போது திறக்கப்பட்டது... இவ்வளவுதான் விஷயம். கேட்கவே கொட்டாவி வரும். ஆஸ்திரேலியா 1999-லும் இங்கிலாந்து 2003-லும் இதே வேலையைத் தொடங்கின.

கொட்டாவி விடும் வேலையின் மதிப்பு ஏஎஸ்ஆர் மூட்டு விவகாரத்தில் தெரிந்தது. ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தைச் சேர்ந்த டீப்யூ நிறுவனத்தின் தயாரிப்பு இது. பந்தும் உலோகம், கிண்ணமும் உலோகம். பிளாஸ்டிக் இல்லாததால் தேய்மானம் குறையும், இளவயதுக்காரர்களுக்கும் ஏற்றது என்று சொல்லப்பட்டது. அமெரிக்காவில் இதன் ஒரு வகைக்கு 2005-ல் அனுமதி கிடைத்தது. ஏற்கனவே சந்தையில் உள்ள மூட்டுகளைப் போன்றதுதான் என்று காட்டினால் போதும் என்ற வழியில் கிடைத்த அனுமதி அது. நோயாளிகளிடம் பரிசோதித்துக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. உண்மையில் உலோகத்தோடு உலோகம் உரசியபோது கோபால்ட்டும் குரோமியமும் இரத்தத்தில் கலந்தன. மூட்டைச் சுற்றி கட்டிகள் வந்தன, தசை அழிந்தது.

ஆஸ்திரேலியப் பதிவேடு 2007-லேயே இந்த மூட்டில் மறு அறுவை சிகிச்சை வழக்கத்தை விட அதிகம் என்று சுட்டிக்காட்டியது. டாக்டர் சரியான கோணத்தில் பொருத்தாததுதான் காரணம் என்ற வாதமும் எழுந்தது. (ஆள் மாற்றிப் பழி போடுவது எல்லாத் தொழிலிலும் உண்டு.) 2009 கடைசியில் ஆஸ்திரேலியச் சந்தையிலிருந்து அது விலகியது. இங்கிலாந்துப் பதிவேட்டிலும் ஐந்தே வருடத்தில் எட்டில் ஒன்று என்ற கணக்கில் மூட்டுகள் மறுபடி திறக்கப்பட்டிருந்தன. 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் ஏறத்தாழ 93,000 மூட்டுகள் போய்ச் சேர்ந்திருந்தன.

இந்தியாவில் ஏறத்தாழ 4,700 பேருக்கு இது பொருத்தப்பட்டது. 2017-ல் மத்திய அரசு நிபுணர் குழு அமைத்தது. அந்தக் குழு ஆராய்ந்து பார்த்தபோது அவர்களில் ஆயிரத்துச் சொச்சம் பேரைத்தான் கண்டுபிடிக்க முடிந்திருந்தது. மீதி 3,600-க்கும் மேற்பட்டவர்கள் எங்கே? யாருக்கும் தெரியாது. 2018-ல் 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீட்டுக்கு ஒரு சூத்திரம் வகுக்கப்பட்டது. வாங்கிக்கொள்ள வேண்டியவரின் முகவரியே இல்லாதபோது சூத்திரத்தை வைத்து என்ன செய்வது? பணத்தை விடுங்கள். உங்கள் இரத்தத்தில் கோபால்ட் அளவைப் பாருங்கள் என்று சொல்லவாவது ஆளைத் தெரிய வேண்டாமா? வலி வந்தால் 'வயசாயிடுச்சு' என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருந்தவர்கள் எத்தனை பேரோ!

இதற்கு ஒரு மறுப்பு சொல்வார்கள். பதிவேடு வெறும் எண்ணிக்கை, காரணத்தை நிரூபிக்காது, சீட்டுக் குலுக்கிப் பிரிக்கும் மருத்துவ ஆய்வுதான் உண்மையான ஆய்வு என்று. பாதி சரி. இடுப்பு எலும்பு முறிந்தவருக்கு ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு கூடுமா என்ற கேள்விக்கு 17 நாடுகளில் 2,970 பேரிடம் செய்து 2020-ல் வெளியான ஆய்வுதான் பதில் சொன்னது. இறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இதை எந்தப் பதிவேடும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்காது. ஆனால் அப்படிப்பட்ட ஆய்வு நோயாளிகளைச் சில மாதமோ ஓரிரு வருடமோதான் பின்தொடரும். மூட்டோ பன்னிரண்டாவது வருடத்தில் தளரும். இடுப்பு மூட்டு எத்தனை வருடம் உழைக்கும் என்ற, நோயாளி கேட்கும் முதல் கேள்விக்கு 2019-ல் லான்செட் ஆய்வு பதில் சொன்னது. 25 வருடம் கழித்தும் 58 சதவீதம் தாங்குகிறது. அந்த எண்ணே ஆஸ்திரேலியா, பின்லாந்து பதிவேடுகளிலிருந்து வந்ததுதான்.

இரண்டையும் சேர்த்தும் செய்யலாம். மூட்டு மாற்றிய பின் இரத்தக்கட்டு வராமல் தடுக்க மலிவான ஆஸ்பிரின் போதுமா, ஊசி மருந்து வேண்டுமா என்பதை ஆஸ்திரேலியப் பதிவேட்டுக்குள்ளேயே 31 மருத்துவமனைகளில் ஆராய்ந்து 2022-ல் வெளியிட்டார்கள். ஆஸ்பிரின் தரப்பில் 3.45 சதவீதம் பேருக்கும் ஊசி தரப்பில் 1.82 சதவீதம் பேருக்கும் இரத்தக்கட்டு வந்தது. மலிவானதே போதும் என்று நினைத்தவர்களுக்கு ஏமாற்றம்தான்.

இந்தியாவில் முயற்சியே இல்லை என்று சொல்ல முடியாது. மூட்டு அறுவை சிகிச்சை நிபுணர்களின் சங்கம் ஒரு பதிவேட்டை நடத்துகிறது. மருத்துவக் கருவிகளால் வரும் பாதிப்புகளைத் தெரிவிக்க 2015-ல் அரசும் ஒரு திட்டம் தொடங்கியது. ஆனால் இஷ்டப்பட்டவர் எழுதும் பதிவேட்டில் நல்ல முடிவுகள் நிறைய இருக்கும், கெட்டவை கூச்சத்தில் விடுபடும். கட்டாயமாக்கினால்தான் அது கணக்கு. டாக்டர்கள் வழக்குக்குப் பயப்படுவது நியாயமானது. அப்படியானால் டாக்டர் பெயரை வெளியிடாமல் மூட்டின் பெயரை மட்டும் வெளியிடுங்கள். செலவு? மூட்டு ஒன்றின் விலையோடு ஒப்பிட்டால் ஒரு பதிவின் செலவு பேச்சுக்கே எடுக்கத் தேவையில்லாத தொகை.

எழுத வேண்டிய விவரமும் ஏற்கனவே கையில் இருக்கிறது. மூட்டு வரும் அட்டைப்பெட்டியில் அதன் வகை, அளவு, தயாரிப்பு எண் அச்சிட்ட சின்ன ஸ்டிக்கர்கள் இருக்கும். ஆபரேஷன் முடிந்ததும் ஒன்றை உரித்து கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். சில வருடம் கழித்து அந்த கேஸ் ஷீட் பழைய காகிதத்தோடு போய்விடும். மூட்டு மட்டும் உள்ளேயே இருக்கும்.