தோண்டுவதற்கு முன் தேடுங்கள்

தெருவில் பள்ளம் வெட்டும்போது கடப்பாரை குடிநீர்க் குழாயில் இறங்கினால் தண்ணீர் பீறிடும். ஊரே கூடி வேடிக்கை பார்க்கும். அதே கடப்பாரை மின்கேபிளிலோ எரிவாயுக் குழாயிலோ இறங்கினால் தொழிலாளியின் உயிருக்கே ஆபத்து. மண்ணுக்குள் இருப்பதை அறியாமல் தோண்டும் பழக்கத்தை நாம் ஏன் சகித்துக்கொள்கிறோம்? இதைத் தவிர்க்க வேண்டிய இயற்பியல் உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்பும் என்று எர்ஸ்டெட் 1820இல் கண்டார். மாறும் காந்தப் புலம் சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டும் என்று ஃபாரடே 1831இல் காட்டினார். இவ்விரண்டும் சேர்ந்ததே குழாய் தேடும் கருவி. உலோகக் குழாய் வெளியே தெரியும் ஓரிடத்தில் மாறுதிசை மின்னோட்டத்தைச் செலுத்துவார்கள். 0.1 ஆம்பியர் ஓடினால், 1 மீட்டர் தொலைவில் எழும் புலம் 0.02 மைக்ரோடெஸ்லாதான். சென்னையில் புவியின் காந்தப் புலமோ சுமார் 40 மைக்ரோடெஸ்லா, இரண்டாயிரம் மடங்கு! ஆயினும் புவியின் புலம் ஏறக்குறைய மாறாதது. குழாயின் புலமோ வினாடிக்குப் பல நூறு, பல ஆயிரம் தடவை மாறுவது. சுருள் மாற்றத்துக்குத்தான் செவி சாய்க்கும்.

சுருளைத் தரைக்கு இணையாகப் படுக்கைவாட்டில் பிடித்துக் குறுக்கே நடந்தால், குழாய்க்கு நேர் மேலே ஒலி அடங்கிவிடும். அங்கே புலக்கோடுகளும் படுக்கைவாட்டில் இருப்பதால் சுருளை ஊடுருவுவதில்லை. அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சுருளின் அச்சு குழாய்ப் பக்கமாக 45 பாகை சாயும்படி பிடித்து விலகிச் செல்லுங்கள். ஒலி மீண்டும் அடங்கும் இடம் வரை அளந்தால், அதுவே குழாயின் ஆழம். ஏன் என்று ஒரு செங்கோண முக்கோணம் வரைந்து பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

பிளாஸ்டிக் குழாய்களிடம்தான் இந்த வித்தை பலிக்காது. அவற்றைப் புதைக்கும்போதே, உறையிட்ட செம்புக் கம்பி ஒன்றை உடன் புதைத்தால் போதும். பின்னால் அந்தக் கம்பியைத் தேடலாம். இதை எல்லா ஊர்களிலும் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து. தோண்டுவோர் முன்கூட்டியே தெரிவிப்பதற்கான கைபேசிச் செயலியை மத்திய அரசு 2023இல் தொடங்கியது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வரைபடத்தில் ஓரடி பிசகினாலும் கடப்பாரை பிசகும். எனவே கருவியோடு ஒருவர் அந்தத் தெருவில் நடந்து பார்த்த பிறகே பள்ளம் வெட்ட அனுமதிக்க வேண்டும். கருவிக்குச் செலவாகுமே என்பவர்கள், உடைந்த குழாயிலிருந்து ஒரு நாள் முழுவதும் சாக்கடைக்குப் போகும் குடிநீருக்கும் கணக்குப் போடட்டும்.