சந்தைச் சுதந்திரமும் பத்து சென்ட் நிலமும்

தேர்தல் வருந்தோறும் ஒரு வகை வேட்பாளர் மக்கள் முன் வந்து நிற்கிறார். அரசு சுருங்க வேண்டும், வரி குறைய வேண்டும், உரிமமும் கட்டுப்பாடும் ஒழிய வேண்டும், எஞ்சியவற்றைச் சந்தை பார்த்துக்கொள்ளும் என்பது அவர் கூறும் கொள்கை. கட்சிச் சின்னம் மாறும், நாடு மாறும், உரை மாறுவதில்லை. கோட்டுகால் முதல் பாறசாலை வரை நமது எல்லைச் சிற்றூர்களில் வீடு வீடாகச் செல்லும் தோழர்கள் இந்தக் குரலை இப்போது படித்த இளைஞர்களின் வாயிலாகவே கேட்கின்றனர். 'வலதுசாரி வாதம்' என்ற ஒற்றைச் சொல்லை வீசிவிட்டுத் திரும்புவது அதற்கு விடையாகாது. இந்தக் கொள்கை எங்கே பிறந்தது, வாக்குச்சாவடியில் எவ்வாறு எடைபோடப்பட்டது, யாருக்கு என்ன தந்தது என்பதை எடுத்துக்காட்டும் கடமை நமக்குண்டு.

ஆங்கிலத்தில் 'லிபர்டேரியன்' என வழங்கும் சொல்லுக்குத் தமிழில் நிலைபெற்ற ஈடு இன்னும் அமையவில்லை. 'தாராளவாதி' எனலாமெனில், அச்சொல் முன்னரே 'லிபரல்' என்பதற்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. மேலும், கேட்டவர்க்கெல்லாம் வழங்கும் கைக்குத்தான் தமிழன் 'தாராளம்' என்று பெயரிட்டான். ரேஷன் அரிசியை நிறுத்தச் சொல்பவரை அவ்வாறு அழைக்க நா எழவில்லை. ஆகவே, 'சந்தைச் சுதந்திரவாதி' என்றே இங்கு எழுதுகிறோம்.

கனடாவை முதலில் பார்ப்போம். ஈழத்திலிருந்து உயிர் தப்பிச் சென்ற நம் மக்கள் பெருந்தொகையாக வாழும் நாடு அது. அங்கே கன்சர்வேட்டிவ் கட்சியில் அமைச்சராக இருந்த மாக்சிம் பெர்னியே, 2017இல் கட்சித் தலைமைப் போட்டியில் மிகச் சிறு வேறுபாட்டில் தோற்று, 2018இல் கனடா மக்கள் கட்சி என்ற புதுக் கட்சியைத் தோற்றுவித்தார். 2019 கூட்டாட்சித் தேர்தலில் அவர் முன்வைத்த திட்டம் ஒளிவுமறைவற்றது. ஒரு லட்சம் டாலர் வரை 15 விழுக்காடு, அதற்கு மேல் எவ்வளவு சம்பாதித்தாலும் 25 விழுக்காடு என இரண்டே வருமான வரி விகிதங்கள்; மூலதன ஆதாயத்துக்கு வரியே இல்லை; மாகாணங்களின் மருத்துவச் செலவுக்கு மத்திய அரசு தரும் நேரடி நிதிக்கு முடிவு; பாரிஸ் காலநிலை உடன்பாட்டிலிருந்து வெளியேற்றம்; பால், முட்டை, கோழி ஆகியவற்றின் உற்பத்தி அளவையும் விலையையும் முறைப்படுத்தி விவசாயியைக் காக்கும் ஏற்பாட்டுக்கும் முடிவு.

மூலதனத்துக்கு இத்தனை வாயில்களைத் திறந்துவிட்ட அந்தக் கை, மனிதர்க்கு மட்டும் வாயிலை அடைத்தது என்பதைத் தோழர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஆண்டுக்கு வரும் குடியேறிகளின் எண்ணிக்கையை ஒரு லட்சம் முதல் ஒன்றரை லட்சத்துக்குள் சுருக்குவது, 1988இன் பன்பண்பாட்டுச் சட்டத்தை நீக்குவது ஆகியனவும் அதே அறிக்கையில் இருந்தன. 1986இல் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் தத்தளித்து மீட்கப்பட்ட 155 தமிழர்களும், 2010இல் 'சன் சீ' கப்பலில் சென்றடைந்த 492 தமிழர்களும் இந்தச் சுதந்திரத்தின் கணக்கில் வரமாட்டார்கள். பணம் எல்லை கடக்கலாம், பணத்தால் துரத்தப்பட்டவன் கடக்கலாகாது! பெர்னியே தமது போஸ் தொகுதியையே அத்தேர்தலில் இழந்தார். பால் பண்ணைகள் நிறைந்த பகுதி அது. அவர் கட்சி நாடு முழுவதும் பெற்றது ஏறத்தாழ 1.6 விழுக்காடு வாக்குகள். ஓர் இடமும் கிடைக்கவில்லை.

இது கனடாவின் கதை மட்டுமன்று. அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, அதைவிடப் பெரிய அளவில், நம் மண்ணிலேயே இது நடந்தேறியது. 1959 ஜூன் 4 அன்று சென்னையில் ராஜாஜியும் அவருடன் நின்றோரும் சுதந்திராக் கட்சியை அறிவித்தனர். அவ்வாண்டு ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மாநாடு கூட்டுறவுப் பண்ணை முறைக்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றியதே அவர்களை உடனடியாகத் தூண்டிய காரணம். நாட்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் செய்தி தெளிவாகும். கட்சி அறிவிக்கப்பட்ட ஆறாம் நாள், ஜூன் 10 அன்று, கேரளச் சட்டமன்றம் நிலவுறவு மசோதாவை நிறைவேற்றியது. அடுத்த இரண்டு நாட்களில் 'விமோசன சமரம்' தொடங்கியது. ஜூலை 31 அன்று தோழர் இ.எம்.எஸ். தலைமையிலான அமைச்சரவை கலைக்கப்பட்டது. மறுநாளும் அதற்கடுத்த நாளும், ஆகஸ்ட் 1, 2 தேதிகளில், பம்பாயில் சுதந்திராக் கட்சியின் ஆயத்த மாநாடு நடந்தேறியது. இவ்விரண்டையும் ஒருவரே திட்டமிட்டார் என்று நாம் சொல்லவில்லை. அதற்குத் தேவையும் இல்லை. நிலம் கைமாறப்போகிறது என்ற அச்சம் ஒன்றே. அது கேரளத்தில் 'விமோசனம்' என்றும், சென்னையில் 'சுதந்திரம்' என்றும் பெயர் சூடிக்கொண்டது.

தமிழறிந்த தோழர்கள் இச்சொல்லின் பழைய பொருளொன்றையும் நினைவுகொள்ளலாம். களத்துமேட்டில் நெல் அளக்கும்போது மிராசுதார்க்கும் ஊர் ஊழியர்க்கும் பரம்பரை உரிமையாக ஒதுக்கிவைத்த பங்குக்குச் 'சுதந்திரம்' என்றே வருவாய்க் கணக்குகளில் பெயர். உழுதவன் வாய்க்குப் போகுமுன் குவியலிலிருந்து எடுக்கப்படும் பங்கு அது. தென் திருவிதாங்கூரில் வாழும் நமக்கு இன்னொரு சுதந்திரமும் தெரியும்: பொறுப்பாட்சி கேட்ட மக்கள் மீது 1938இல் நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிச் சூடு நடத்திய அதே திவான் ஆட்சி, 1947 ஜூனில் 'சுதந்திரத் திருவிதாங்கூர்' என்று அறிவித்தது. சொல் அழகானது, அதன் சொந்தக்காரர் யாரென்று கேட்காமல் அதை வாங்கிக்கொள்ளலாகாது.

சுதந்திராக் கட்சியின் வேட்பாளர்களுள் கொள்கைத் தெளிவு மிக்கவர் மினு மசானி. அவர் எளிதில் தள்ளிவிடக்கூடியவர் அல்லர். 1934இல் காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சியைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர்; அதன் அகில இந்திய இணைச் செயலாளர்களுள் ஒருவராகத் தோழர் இ.எம்.எஸ்.ஸும் இருந்தார் என்பது வரலாற்றின் விந்தை. பின்னர் எதிர்த்திசைக்குச் சென்று, 1967 பொதுத்தேர்தலில் ராஜ்கோட் தொகுதியில் வென்றார். திட்டக் குழு வேண்டாம், தானிய வணிகத்தில் அரசு நுழையக் கூடாது, வரி குறைய வேண்டும், சொத்துரிமை அரசமைப்பின் தொடக்க வடிவில் அடிப்படை உரிமையாக மீள வேண்டும் என்பவை அவரும் அவர் கட்சியும் கேட்டவை. அத்தேர்தலில் அக்கட்சி மக்களவையில் 44 இடங்களைப் பெற்றது. ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி, ராம்கர் ராஜா, களாஹண்டி மன்னர் குடும்பத்தார் என அதன் நட்சத்திரச் சின்னத்தின் கீழ் அணிவகுத்தோர் யாவரெனப் பார்த்தால், சொத்துரிமை முழக்கத்தின் எதிரொலி எந்த மாளிகைகளிலிருந்து வந்தது என்பது விளங்கும்.

சொத்துரிமை என்ற கோரிக்கை ஏட்டளவில் மிக நியாயமாகத் தோன்றும். நாட்டுப்புறத்தில் அதன் பொருள் என்ன? 1957 ஏப்ரல் 5 அன்று பதவியேற்ற கேரள அமைச்சரவை ஆறாம் நாளே குடியிறக்கத் தடை அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் தொடர்ச்சியாக வந்த நிலவுறவுச் சட்டத்தை 1961 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரயத்வாரி நிலங்களைப் பொறுத்தவரை செல்லாதென்றது. சென்னை மாநிலத்தின் நில உச்சவரம்புச் சட்டத்துக்கும் 1964 மார்ச்சில் அதே கதி நேர்ந்தது. இச்சட்டங்களைக் காப்பதற்காக 1964இல் 17ஆவது அரசமைப்புத் திருத்தம் வந்து, 44 மாநிலச் சட்டங்களை ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்தது. அந்தத் திருத்தத்தை நாடாளுமன்றத்திலும் வெளியிலும் மூர்க்கமாக எதிர்த்தவர்கள் சுதந்திராக் கட்சியினர். அவர்கள் வென்றிருந்தால், 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறையை ஒழித்து நடைமுறைக்கு வந்த கேரள நிலச்சீர்திருத்தம் எந்த அடித்தளத்தில் நின்றிருக்கும்? பஞ்சாயத்துப் பகுதியில் பத்து சென்ட், நகராட்சியில் ஐந்து, பெருநகரில் மூன்று எனக் குடிகிடப்புக்காரர்க்குக் கிடைத்த உரிமையை நமது ஊர்களில் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நிலவுடைமையாளன் எப்போது வேண்டுமாயினும் 'இறங்கிப் போ' என்று சொல்லக்கூடிய குடிசையில் பிறந்தவரின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று பட்டப்படிப்பு முடித்து, 'அரசு எதற்கு' என்று நம்மிடம் கேட்கின்றனர். கேட்கட்டும், வீட்டின் பட்டயத்தை எடுத்து அதன் தேதியைப் பார்க்கச் சொல்வோம்.

தமிழ்நாட்டில் அதே 1967இல் நடந்தது இன்னும் சுவையானது. சுதந்திராக் கட்சி தி.மு.க.வுடன் கூட்டுச் சேர்ந்து சட்டமன்றத்தில் 20 இடங்களை வென்றது. அக்கூட்டணியின் மேடைகளில் மக்களை ஈர்த்த வாக்குறுதி எது? ரூபாய்க்கு மூன்று படி அரிசி! தானிய வணிகத்தில் அரசு கைவைக்கலாகாது என்ற கட்சி, அரசு அரிசி தரும் என்ற வாக்குறுதியின் தோளில் ஏறிச் சட்டமன்றம் சேர்ந்தது. (எதிரணியிலிருந்த காங்கிரஸின் மீது மக்களுக்கிருந்த சினத்தில் நமக்கும் பங்குண்டு; அந்த விவாதத்தை இங்கு விரிக்கவில்லை.) கலப்படமற்ற சந்தைச் சுதந்திரத்துக்குத் தமிழ்நாட்டு வாக்காளர் தனித்து வாக்களித்ததில்லை என்பதே இதிலிருந்து பெறப்படும் உண்மை.

ராஜாஜியின் ஆட்சிக் காலமே அவர் கொள்கைக்கு மறுப்புரை எழுதியது. நாட்டிலேயே முன்னோடியாகப் பொது விற்பனை வரியை 1939இல் சென்னை மாகாணத்தில் கொண்டுவந்தவர் அவர். மதுவிலக்கால் குறைந்த வருவாயை ஈடுகட்ட, வாங்குவோர் அனைவர் மீதும், ஏழை பணக்காரன் பாராமல் விழும் வரி அது. தனிமனிதன் எதைக் குடிப்பது என்பதில் அரசு தலையிடலாம், எத்தனை ஏக்கர் வைத்திருப்பது என்பதில் மட்டும் தலையிடலாகாது என்பது எவ்வகைச் சுதந்திரம்? 1952இல் 62 கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் எதிரே அமர்ந்திருக்க ஆட்சி நடத்தியபோது, தஞ்சையின் சாகுபடியாளர்க்கும் பண்ணையாட்களுக்கும் பாதுகாப்புத் தரும் அவசரச் சட்டத்தை இயற்றியவரும் அவரே. விவசாயிகளின் போராட்டம் அரசின் கையைப் பிடித்து எழுத வைத்த சட்டம் அது. அரசு தலையிடுமா, தலையிடாதா என்பதன்று வினா. எந்த வர்க்கத்துக்காகத் தலையிடும் என்பதே வினா.

எனினும், 'பெர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்' என்று ராஜாஜி சாடியதில் ஒரு சிறு உண்மையும் இல்லை என்று நாம் வாதிட வேண்டியதில்லை. உரிம முறை ஊழலுக்கு இடந்தந்தது. ஆனால், அந்த உரிமங்களை அள்ளிச் சென்றவர் யார்? 1960களின் பிற்பகுதியில் ஹசாரியின் ஆய்வும், 1969இல் தத் குழுவின் அறிக்கையும் பிர்லா போன்ற பெருங்குழுமங்களே உரிமங்களை முன்கூட்டி வளைத்துப்போட்டன என்பதை வெளிக்கொணர்ந்தன. பெருமுதலாளிகள் உரிம முறையால் கொழுத்தனர். அதே வர்க்கம்தான் உரிம முறையை ஒழிக்கக் கோரிய கட்சிக்கும் பண உதவி செய்தது. காங்கிரஸுக்கும் சுதந்திராவுக்கும் ஒருங்கே நன்கொடை அளித்ததை டாட்டா நிறுவனத் தலைவர் மறைக்கவே இல்லை. ஒரு கையில் உரிமம், மறு கையில் சுதந்திரம்!

1971 தேர்தலில் எட்டு இடங்களாகச் சுருங்கி, 1974இல் பாரதிய லோக்தளத்தில் கரைந்த பின் அக்கட்சியின் பெயர் மறைந்தது. கொள்கை மறையவில்லை, 1991க்குப் பின் அதற்குத் தனிக் கட்சியே தேவைப்படவில்லை. ஆளும் கட்சிகளே அதை எடுத்துக்கொண்டன.

நமது எல்லையை எடுத்துக்கொள்வோம். 1956 நவம்பர் 1 அன்று கோடு கிழிக்கப்பட்டபோது விளவங்கோடு அப்பாலும் நெய்யாற்றின்கரை இப்பாலும் ஆயின. 1997இல் மத்திய அரசு ரேஷனை 'இலக்கு நோக்கிய' முறையாக மாற்றி, வறுமைக்கோட்டுக்கு மேல், கீழ் எனக் குடும்பங்களைப் பிரித்தது. தமிழ்நாடு அதை ஏற்காமல் அனைவர்க்குமான ரேஷனைக் காத்துக்கொண்டது. அங்கே 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. இந்தியாவிலேயே மிகச் சிறந்ததெனப் பெயர்பெற்றிருந்த கேரளத்தின் ரேஷன் முறையோ அந்த மாற்றத்தால் பெரிதும் நலிந்தது. இன்று களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் தமிழ்நாட்டு ரேஷன் அரிசி பிடிபட்டதெனச் செய்தி வராத மாதமில்லை. கடத்தல்காரனைப் பிடிக்கட்டும். ஆனால், சந்தை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்போர், அந்த அரிசி ஏன் ஒரே திசையில் நகர்கிறது என்பதற்கு விடை கூறட்டும். அரிசிக்குப் பதில் பணம் தந்துவிடலாம் என்போரும் புதுச்சேரியில் ரேஷன் கடைகள் பூட்டிக் கிடந்த ஆண்டுகளைப் பற்றி அம்மாநிலப் பெண்களிடம் கேட்டறியலாம்.

அரசு சுருங்க வேண்டும் என்ற விதி முதலாளிக்குப் பொருந்தாது என்பதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கோட்டுகாலின் அண்டையிலேயே விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இயக்குவது அதானி நிறுவனம்; அலைதடுப்புச் சுவருக்குச் செலவிட்டது மாநில அரசின் கருவூலம். மத்திய அரசு தரவேண்டிய 817.80 கோடி ரூபாய் இடைவெளி நிதியையோ, பின்னாளில் வருவாய்ப் பங்காகத் திருப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனையுடன் கேரளத்தின் தலையில் கட்டியிருக்கிறார்கள். திருவனந்தபுரம் விமான நிலையத்தை மாநில அரசு எதிர்த்தும், 2021 முதல் ஐம்பது ஆண்டுகளுக்கு அதே குழுமத்திடம் ஒப்படைத்தனர். ஒரு நகரத்துக்கு ஒரே விமான நிலையம். இதில் போட்டி எங்கே, சந்தை எங்கே?

இதே கொள்கையின் அண்மைய ஏடு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்ததாக அறிவிக்கப்பட்ட நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள். 'ஒப்பந்தச் சுதந்திரம்' என்று இதற்கு விளக்கம் தருகின்றனர். அரசின் முன் அனுமதியின்றி ஆட்குறைப்போ ஆலைமூடலோ செய்யக்கூடாத நிறுவனத்தின் அளவு நூறு தொழிலாளர் என்றிருந்தது, இப்போது முந்நூறு. ஒப்பந்தத் தொழிலாளர் பாதுகாப்பு இருபது பேர் பணிபுரியும் இடத்துக்குப் பொருந்தியது. இப்போது ஐம்பது பேர் வேண்டும். 299 பேரை வைத்திருக்கும் முதலாளிக்கு இது முழுச் சுதந்திரம்தான். நமது ஊர்களிலிருந்து காலையில் பேருந்தேறி ஒப்பந்த வேலைக்குச் செல்லும் இளைஞர்கள் தங்கள் பணியிடம் இந்த எண்களில் எந்தப் பக்கம் விழுகிறது என்பதை அறியார்கள். அவர்களுடைய ஒப்பந்தக்காரர்கள் நன்கறிவார்கள். வரும் வாரங்களில் கிளைத் தோழர்கள் இந்த எண்களை எழுதி எடுத்துக்கொண்டு அவர்களைச் சென்று காண வேண்டும்.