ஆச்சிக்கு மனப்பாடமான இலக்கம்

வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போகிறவர்கள் வாணர் பாலத்தின் வழியே போகவேண்டும். இரு மருங்கும் கடல். நடுவே ஒற்றைத் தெரு. அப்பாலம் அமையுமுன் தீவார் யாவரும் தோணியை நம்பியே வாழ்ந்தனர். பாலம் வந்தது; அக்கரை போக இருந்த தோணிகள் கரையேறின. இத்தெருவுக்கு ஒரு நாள் கேடு வருமாயின் இறுப்பிட்டியார் என் செய்வர் என்று பேருந்தில் இருந்தபடியே நாம் எண்ணியதுண்டு. எண்ணிவிட்டு, இறங்கியதும் மறந்தும்விடுவோம். மனித இயல்பு அது.

இவ்வாரம் நாம் எழுதப்புகுந்தது பாலத்தைப் பற்றியன்று. ஒரு கடைத் தொலைபேசியைப் பற்றி.

எம் தாய்வழி உறவினர் ஒருவர் கொழும்புப் புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்கிறார். சென்ற நூற்றாண்டிலே புங்குடுதீவார் கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடைவைத்துப் பெயர் பெற்ற கதை வாசகர் அறிந்ததே. அவ்வழி வந்த கடைகளுள் இதுவும் ஒன்று. தகப்பனார் காலத்தில் வாங்கிய தொலைபேசி இலக்கத்தை அவர்கள் இன்றும் விட்டுக்கொடுக்கவில்லை. காரணம் வியாபாரம் மாத்திரமன்று. 1990ஆம் ஆண்டின்பின் குடாநாட்டில் மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போய், தீவுப்பகுதிச் சனங்கள் ஊரைவிட்டு இடம்பெயர்ந்து அலைந்த நாட்களில், கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் பிள்ளைகள் அந்த இலக்கத்துக்கே பேசுவார்கள். வவுனியாவரை வந்து பேசியவர்களும் அதற்கே பேசினார்கள். “இன்னார் உயிருடன் இருக்கிறார், இன்னார் இன்ன முகாமில்” என்று கணக்கப்பிள்ளை கொப்பியில் எழுதிவைத்துச் சொல்லுவார். இலக்கங்களுக்கு முன்னால் காலத்துக்குக் காலம் எண்கள் கூடின. பின்னால் இருந்தவை மாறவில்லை.

கடைக்காரரின் தாயார், நாம் ஆச்சி என்றே அழைப்பவர், இறுப்பிட்டியில் தனியே இருக்கிறார். கொழும்புக்கு வரமாட்டார். கிணறும் பனைவளவும் தம்மைத் தேடும் என்பார். கண்பார்வை மங்கல். கையில் ஒரு சிறு தொலைபேசி உண்டு. அதில் பெயர் தேடிப் பேச அவரால் இயலாது. விரல் தானாகப் போய் அழுத்தும் இலக்கம் ஒன்றே ஒன்று. அது கடையின் இலக்கம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் கடையார் பழைய இணைப்புப் பெட்டியை அகற்றிவிட்டுக் கணினியிலே இயங்கும் தொலைபேசி நிலையத்துக்கு மாறினார்கள். இது என்னவென்று அறியாத வாசகருக்குச் சில சொற்கள். முன்னாளில் ஒரு கந்தோரின் மேசைகளையெல்லாம் இணைக்க ஒரு பலகையும், அதன்முன் ஒரு பெண்மணியும் வேண்டும். பின்னர் அவ்வேலையை ஓர் இயந்திரப்பெட்டி செய்தது. இன்று சாதாரணக் கணினி ஒன்று செய்கிறது. குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து எண்களாக்கி, இணையக் கம்பியினூடே அனுப்பி, மறுமுனையில் மீண்டும் குரலாக்குதல் இதன் தத்துவம். அமெரிக்காவில் மார்க் ஸ்பென்சர் என்னும் மாணவர், தாம் தொடங்கிய சிறு தொழிலுக்குத் தொலைபேசி நிலையம் வாங்கப் பணமின்றி, 1999இல் தாமே ஒரு மென்பொருளை எழுதினார். அஸ்டரிஸ்க் என்று அதற்குப் பெயர். எவரும் விலையின்றிப் பெற்றுப் பயன்படுத்தலாம். உலகின் எண்ணற்ற சிறு கந்தோர்களில் இன்று மணியடிப்பது அதன் தயவினாலேயே. எம்மவர் கடையிலும் அதுதான். களஞ்சியம், கணக்குப் பகுதி, லொறிக் காரியாலயம் என முப்பத்திரண்டு உள்ளிணைப்புகள்.

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கடை பூட்டிய சற்றுநேரத்தில், அக்கணினியின் வட்டு பழுதாயிற்று. ஒருவருக்கும் தெரியாது. தெரிவதற்கு வழியுமில்லை, தொலைபேசி ஊமையானால், “நான் ஊமையாகிவிட்டேன்” என்று அது எவ்வாறு சொல்லும்? அதே இரவு ஆச்சி கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். தவழ்ந்து திண்ணைக்கு வந்து கடைக்கு எடுத்தார். மணியும் இல்லை, குரலும் இல்லை. வழக்கமாக இரவில் எந்நேரம் எடுத்தாலும் அது மகனின் கைத்தொலைபேசிக்குப் போய்ச் சேரும்படி அக்கணினியே அமைத்துக் கொடுத்திருந்தது. அக்கணினி இல்லையென்றதும் அவ்வழியும் இல்லையாயிற்று. அயல் வளவுகளில் பல இன்று பூட்டிக்கிடப்பவை. கூப்பிட்ட குரல் ஒருவருக்கும் கேட்கவில்லை. விடிந்தபின் பாற்காரப் பையன் கண்டான். இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

யாழ்ப்பாண வைத்தியசாலையில் நாம் போய்ப் பார்த்தபோது, “ஏன் ஆச்சி, வேறை ஆருக்கும் எடுக்கேல்லையே?” என்று கேட்டோம். “எனக்கு அது ஒண்டுதானே மோனை பாடம்” என்றார். குறையாகச் சொல்லவில்லை. எமக்குத்தான் அச்சொல் இன்னும் காதில் இருக்கிறது. ஏனெனில் அந்தக் கணினி நிலையத்தை வாங்கலாம் என்று கடையாருக்கு ஆலோசனை கூறியவர் நாமே.

கடையின் இளைய தம்பி எம்மிடம் பயின்றவர். “சேர், நான் ஒவ்வொரு இரவும் படி எடுத்துத்தான் வைச்சனான்” என்று கலங்கினார். உண்மைதான். இரவு 2 மணிக்குத் தவறாமல் படி எடுக்கப்பட்டிருந்தது. எங்கே? அதே வட்டில்! வீட்டுத் திறப்புக்கு மறுதிறப்பு வெட்டி, அதையும் வீட்டுக்குள்ளே வைத்துப் பூட்டிய கதை. மூலம் போனபோது படியும் உடன்போயிற்று. முப்பத்திரண்டு இணைப்புகளையும் நினைவிலிருந்து மீண்டும் அமைக்க மூன்று நாட்களாயின.

தொலைபேசித் துறையார் இத்தகைய பாடங்களை மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றிருக்கிறார்கள். அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் சக்கசுன்னா என்னுமிடத்தில் 1965இல் திறக்கப்பட்ட மின்னணுத் தொலைபேசி நிலையத்தில் மூளை போன்ற பகுதி இரண்டாக இருந்தது. இரண்டும் ஒரே வேலையை ஒரே வேளையில் செய்யும்; விடைகள் ஒத்திருக்கின்றனவா என்று ஒப்பிடப்படும். நாற்பது ஆண்டுகளில் இரண்டு மணிநேரத்துக்குமேல் நின்றுவிடலாகாது என்பது அதனை வகுத்தோரின் குறி. நாற்பது ஆண்டுகளில் இரண்டு மணி! எமது கடைக்காரரோ மூன்று ஆண்டுகளில் மூன்று நாட்களை இழந்தார்.

ஆனால் இரட்டை உறுப்பு இருந்தால் மாத்திரம் போதுமா? சிக்காகோவுக்கு அருகே ஹின்ஸ்டேல் என்னும் ஊர். அங்குள்ள நிலையத்தில் 1988 மே 8ஆம் நாள் தீப்பற்றியது. அன்று ஞாயிறு, அந்நாட்டார் அன்னையர் தினம் கொண்டாடும் நாள், பிள்ளைகள் தாய்மாருடன் பேசவென்று இணைப்புகள் நிரம்பி வழியும் நாள். நிலையத்தில் ஆள் இல்லை. எச்சரிக்கை தொலைவிலுள்ள ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் ஒலித்தது. தீயணைப்போருக்குச் செய்தி சேரத் தாமதமாயிற்று. ஏறத்தாழ 35,000 சந்தாதாரர் தொலைபேசியிழந்தனர், சீர்செய்ய வாரக்கணக்காயிற்று. அந்த நிலையத்திலும் அரிய பொறிகள் பல இருந்தன. யாவும் ஒரே கூரையின்கீழ் இருந்தன என்பதே குறை.

இன்னொன்று இதனினும் விசித்திரமானது. 1990 சனவரி 15ஆம் நாள் ஏ.டி. அன்ட் டி. கம்பனியின் நெடுந்தூரச் சேவை ஏறத்தாழ ஒன்பது மணிநேரம் தள்ளாடியது. நியூயோர்க்கில் ஒரு பொறி சற்றே நோயுற்று, தானே குணமாகி, “நான் எழுந்துவிட்டேன்” என்று அயற்பொறிகளுக்குச் செய்தி அனுப்பியது. அச்செய்தியைக் கையாளும் நிரலில் ஒரு பிழை. கேட்ட பொறி விழுந்தது. அது எழுந்து சொன்னதும் அடுத்தது விழுந்தது. 114 பொறிகளிலும் இருந்தது அதே மென்பொருள், அதே பிழை. ஒன்றுக்கு ஒன்று துணையாகும் என்று எண்ணியிருந்தவை ஒன்றினால் ஒன்று கெட்டன. படி என்பது நன்மையை மாத்திரம் படியெடுப்பதில்லை; மாணவர் இதனை மனங்கொள்க.

இவற்றையெல்லாம் வைத்துக்கொண்டு நாமும் அத்தம்பியும் இரு வார இறுதிகள் உட்கார்ந்தோம். முதலில் இடம். புறக்கோட்டைக் கடையில் மூலக் கணினி. துணைக் கணினியை வெள்ளவத்தையிலுள்ள வீட்டில் வைத்தோம். வேறு கட்டிடம், வேறு மின்வழி, வேறு இணையக் கம்பனி. பக்கத்து மேசையில் வைத்தால் வேலை இலகு. ஒன்று விழுந்ததும் மற்றது அதே முகவரியைத் தானே ஏற்றுக்கொள்ளும் வசதியும் உண்டு. ஆனால் கடையில் வெள்ளமோ தீயோ வந்தால்? ஹின்ஸ்டேல் எம் கண்முன் நின்றது. துணைக்குப் புதுக்கணினி வேண்டியதில்லை. கணக்குப் பகுதியில் ஒதுக்கிய பழையதொன்றே தாராளம். மென்பொருள் மாத்திரம் இரண்டிலும் ஒரே பதிப்பாக இருத்தல் வேண்டும். அன்றேல் ஒன்றின் படியை மற்றது ஏற்காது. பதிப்பைப் புதுப்பிக்கும்போது துணையில் முதலில் செய்து, ஒரு வாரம் பார்த்து, பின்னரே மூலத்தில் செய்வதென்றும் முடிவாயிற்று. ஏ.டி. அன்ட் டி. தந்த புத்தி அது.

ஒவ்வோர் இரவும் அமைப்புக் கோப்புகளும், இணைப்புகளின் பட்டியலும், பதிவான குரற்செய்திகளும் பூட்டிடப்பட்ட இணையவழியால் வெள்ளவத்தைக்குப் போகும். பழையதன்மேல் புதியதை எழுதாமல், திகதியிட்டு ஏழு நாட்படிகளைத் தனித்தனியே வைக்கச் சொன்னோம். ஒருவர் தவறுதலாக ஓர் இணைப்பை அழித்துவிட்டால், மறுநாட்படியிலும் அது அழிந்தே இருக்கும் அல்லவா?

மேசைத் தொலைபேசிகளில் இரண்டு முகவரி எழுத இடமுண்டு; முதலாவது பேசாவிடில் இரண்டாவதிடம் அவை தாமே போய்ப் பதியும். மிகக் கடினமாயிருந்தது வெளியிலிருந்து வரும் அழைப்பு. அதுவே ஆச்சியின் வழி. துணைக்கு மாறுவதைக் கையால் செய்யலாம் என்றார் தம்பி. சிறு கடைக்கு அது பொருத்தமான யோசனைதான். தானியங்கி சில வேளை வீணே மயங்கி, இரண்டு கணினியும் “நானே மூலம்” என்று போட்டியிடும். ஆயினும் இரவில் விழுந்தவருக்குக் கையால் மாற்றும் ஆள் எங்கே? ஆகவே கடைக்குள் மாற்றம் கையால்; வெளியழைப்புக்கு மாத்திரம் தானாக. சேவை வழங்குவோர் முதலில் புறக்கோட்டையைத் தட்டுவார்கள். சில நொடிகளில் விடையில்லையேல் வெள்ளவத்தையை. அங்கும் இல்லையேல் நேரே மகனின் கைத்தொலைபேசியை.

எல்லாம் எழுதி முடித்தபின் ஒரு சனிக்கிழமை மாலை மூலக் கணினியின் மின்னிணைப்பைப் பிடுங்கச் சொன்னோம். தம்பியின் கை நடுங்கிற்று. மேசைத் தொலைபேசிகள் ஒவ்வொன்றாக வெள்ளவத்தையில் பதிந்தன. வெளியே பேச முடிந்தது. ஆனால் உள்ளே ஓர் அழைப்பும் வரவில்லை! சேவை வழங்குவோர் ஏட்டில் எம்முடைய ஒரே முகவரிதான் பதிவாயிருந்தது. இரண்டாவதை எழுதிக் கேட்க வேண்டும் என்று நாம் அறிந்திருக்கவில்லை; பிழை எம்முடையது. பிடுங்கிப் பாராதிருந்தால் அது மற்றோர் இரவிலேதான் தெரியவந்திருக்கும். பத்து நாள் கழித்து மீண்டும் பிடுங்கினோம். மணி அடித்தது. இப்போது ஒவ்வொரு மாதமும் முதற் சனியன்று பிடுங்கல். இலிகிதர் ஒருவர் நேரத்தைக் கொப்பியில் குறிக்கிறார். மின்சாரத்தையும் நாம் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் நாள் நாடு முழுவதும் மின்சாரம் அற்றுப்போனதும், பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கின்மேல் பழி விழுந்ததும் வாசகருக்கு நினைவிருக்கும். கணினிக்கு மாத்திரமன்றி, இணையப் பெட்டிக்கும் மின்கல வசதி செய்தோம். பலர் முன்னதைச் செய்து பின்னதை விட்டுவிடுகிறார்கள்.

ஆச்சி இப்போது கோல் ஊன்றி நடக்கிறார், இறுப்பிட்டிக்கே திரும்பிவிட்டார். சென்ற மாதப் பிடுங்கல் வேளையில், எவரும் சொல்லாமலே, கடைக்கு எடுத்தார். வெள்ளவத்தைக் கணினி அழைப்பை ஏற்று மகனிடம் சேர்த்தது. ஆச்சிக்கு அதெல்லாம் தெரியாது. பனங்கிழங்கு அனுப்பியிருப்பதாகவும், பொதியை வெய்யிலில் வைக்கவேண்டாம் என்றும் சொன்னாராம்.

ஆனால் அவர் பக்கத்தில் இன்னும் ஒரே வழிதான். அந்தச் சிறு தொலைபேசியும், தீவுக்கு வரும் ஒரு கம்பனியின் அலையுமே அவருக்கு உள்ளவை. 1990 என்னும் இலவச அவசர ஊர்தி இலக்கத்தைச் சுவரில் கரிக்கட்டியால் பெரிதாக எழுதியிருக்கிறோம்; 2018 முதல் அச்சேவை யாழ்ப்பாண மாவட்டத்திலும் உண்டு. நான்கே எண்கள். அதனைப் பாடமாக்கும்படி பேத்தி தினமும் கடையிலிருந்து பேசிக் கேட்கிறாள். இரண்டு நாட் சரியாகச் சொல்லுகிறார். மூன்றாம் நாள் கடை இலக்கத்தையே சொல்லுகிறார்.