கண்ணாடி போட்ட சாமி படங்களை ஆற்றில் விடாதீர்கள்!

ஸ்ரீரங்கவாசிகளே, ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபம் வரவிருக்கும் வெளியூர் அன்பர்களே!

சென்ற வெள்ளிக்கிழமை காலை, தகப்பனார் திதிக்கு வந்த ஒரு பெரியவர் பிண்டம் கரைக்க ஆற்றில் இறங்கினார். இறங்கிய வேகத்திலேயே காலைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். குதிகாலில் விரல் நீளத்துக்குக் கண்ணாடிச் சில்லு. தண்ணீருக்கடியில் துழாவினோம். சட்டத்தோடு ஒரு மகாலட்சுமி படம் கிடந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய்த் தையல் போட வேண்டியதாயிற்று. திதி பாதியில் நின்றது.

தினமும் இந்தப் படித்துறையில் குளிக்கிறவர்கள் நாங்கள். எங்களுக்கு இது புதிதல்ல. வழக்கப்படி ஜூன் 12-இல் திறக்கும் மேட்டூர் அணையை ஜனவரி 28-இல் மூடுவார்கள். அதன்பிறகு மணல் தெரிய ஆரம்பித்ததும் ஒருநாள் வந்து பாருங்கள். ஏழு மாதம் தண்ணீர் மூடி வைத்திருந்ததெல்லாம் வெளியே கிடக்கும். முருகன், வெங்கடாசலபதி, ஐயப்பன், சமயபுரத்தாள். சட்டம் உளுத்து, முகம் கரைந்து, பக்கத்தில் நாய் படுத்திருக்கும். கால் படக்கூடாது என்று வீட்டில் ஆள் உயரத்தில் ஆணி அடித்து மாட்டியிருந்த படங்கள்தான் இவை. குப்பையில் போட மனசு வராதவர்களுக்குக் காவிரியில் போட மட்டும் எப்படி மனசு வருகிறது?

மரச்சட்டம் மட்கும், தாள் கரையும். கண்ணாடி என்ன செய்தாலும் போகாது. வெள்ளம் வந்தால் உருண்டு கல்லணைப் பக்கம் போகும். அதற்கப்பால் திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை என்று பூம்புகார் வரை ஊருக்கு ஊர் ஜனங்கள் ஆற்றில் இறங்குகிறார்கள். 800 கிலோமீட்டர் ஓடும் நதியின் கடைசிப் பகுதிக்கு நாம் அனுப்பும் சீர் இதுதானா?

சாஸ்திரம் என்று சொல்லி எங்களிடம் சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்கும் பதில் இருக்கிறது. பழுதான விக்கிரகத்தை என்ன செய்வது என்று அக்னி புராணமே சொல்கிறது. மரத்தாலானதை அக்னியில் இட வேண்டும், கல்லாலானதை நீரில் சேர்க்க வேண்டும், உலோகத்தாலானதை ஆழமான நீரில் சேர்க்க வேண்டும். ஆழமான நீரில், முழங்கால் தண்ணீரில் அல்ல. கண்ணாடிக்கும் பிளாஸ்டிக்குக்கும் எந்தப் புராணத்திலும் விதி கிடையாது.

சட்டம் வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. 1974-ஆம் ஆண்டு நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, ஆற்றை மாசுபடுத்துவதைத் தடை செய்கிறது. சிலைகளைக் கரைப்பதற்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2010-இல் நெறிமுறை வகுத்தது. 2020-இல் அதைத் திருத்தி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலை கூடாது, தெர்மோகோல் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னது. யார் கேட்டார்கள்?

செய்ய வேண்டியது பெரிய காரியமே இல்லை. படத்துக்குக் கடைசியாக ஒரு பூ வைத்து, சூடம் காட்டி, "போய் வா, தாயே" என்று மனசார வழியனுப்புங்கள். பின்பக்கத்து ஆணியை நெம்பிக் கண்ணாடியைக் கழற்றுங்கள். அதைப் பழைய துணியில் சுற்றி, 'கண்ணாடி' என்று எழுதித் தூய்மைப் பணியாளர் கையில் தனியாகக் கொடுங்கள். அவருக்கும் கை இருக்கிறது. தாளை ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்தால் கூழாகிவிடும். செடிக்கடியில் கால் படாத இடமாகப் புதைத்துவிடலாம். வழவழப்பாகப் பிளாஸ்டிக் ஒட்டிய படம் ஊறாது, அதை எரிக்கவும் கூடாது. உலர்குப்பையோடு தனியே கொடுங்கள். பித்தளை விளக்கு, மணியெல்லாம் பாத்திரக் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். உருக்கினால் இன்னொரு வீட்டில் விளக்காகும். ஆடிப்பெருக்குக்குக் கல்யாண மாலையை ஆற்றில் விட வரும் புதுத் தம்பதிகள், ஜிகினாவையும் நைலான் நூலையும் பிரித்தெடுத்துவிட்டுப் பூவை மட்டும் விட்டால் போதும்.

கழற்றுமுன் படத்தின் ஓரத்தையும் கொஞ்சம் பாருங்கள். போன வருஷம் மணலில் எடுத்த ஒரு முருகன் படத்தில் கோவில்பட்டி ஓவியர் சி. கொண்டைய ராஜுவின் பெயர் இருந்தது. பாதி முகம் போய்விட்டது. அதைப் போற்றி வைத்துக்கொள்ள எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள்.

இந்த ஆடிப் பதினெட்டு அன்று விடிகாலையிலிருந்தே படித்துறை மேலே நிற்போம். சட்டம் போட்ட படத்தோடு வருகிறவர்களை இறங்க விடமாட்டோம். எங்கள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் போனாலும் ஒன்றை மறந்துவிடாதீர்கள். பெரும்பாலான படங்களின் பின்பக்கத்தில் 'கிரகப்பிரவேச அன்பளிப்பு' என்று எழுதி, பெயரும் ஊரும் போட்டிருக்கிறது. இனி கிடைக்கும் படங்களைத் துடைத்து எடுத்துக்கொண்டு, அன்பளித்தவர் வீட்டுக்கே போய், எங்கே கிடைத்தது என்றும் சொல்லிவிட்டு வருவோம்.

இப்படிக்கு,
அம்மா மண்டபம் படித்துறையில் தினமும் நீராடுவோர்