கடற்பாசியும் புற்றுநோயும்: நம்பிக்கைக்கும் நிரூபணத்துக்கும் இடையில்

வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று வைத்தியர் சொன்னதும் அக்குடும்பம் இரண்டு காரியங்களில் இறங்கிவிடுகிறது. ஒன்று, சிகிச்சைக்கு நாள் குறிப்பது. மற்றையது, சிகிச்சையோடு சேர்த்து வேறென்ன கொடுக்கலாம் என்று தேடுவது. இந்த இரண்டாவது தேடலில் அகப்படும் பெயர்களுள் ஒன்று ஃபியூகோய்டன். கபில நிறக் கடற்பாசிகளிலிருந்து பிரித்தெடுக்கப்படும் இப்பொருள், நோய் எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும், கீமோதெரபியின் வேதனையைத் தணிக்கும் என்ற விளம்பரங்களுடன் போத்தல்களில் விற்பனையாகிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அதை வாங்கி ஊரிலுள்ள தாய் தந்தையருக்கு அனுப்பிவைப்பதும் உண்டு. அந்தப் போத்தலில் இருப்பது பாசம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அது மருந்தா என்பதே கேள்வி.

ஃபியூகோய்டன் நேற்று முளைத்த சரக்கு அல்ல. சுவீடனைச் சேர்ந்த கைலின் என்ற அறிஞர் 1913ஆம் ஆண்டிலேயே அதைக் கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்தார். சல்பேற்று இணைந்த சர்க்கரைத் தொடர்களாலான பெரிய மூலக்கூறு அது. ஜப்பானியர் விரும்பி உண்ணும் மொசுக்கு, வக்கமே ஆகிய பாசிகளில் அது நிறைய உண்டு. ஆய்வுகூடத்தில் புற்றுநோய்க் கலங்கள் மீது அதைச் செலுத்தியபோது அவற்றுட் சில மடிந்தன. எலிகளில் நோய் எதிர்ப்புக் கலங்கள் உற்சாகம் பெற்றன. விளம்பரக்காரர்கள் இந்த இடத்தில் கதையை நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் கண்ணாடித் தட்டில் கலங்களைக் கொல்லும் பொருள்கள் எத்தனையோ உள்ளன. அவற்றுள் மனிதருக்கு மருந்தாகத் தேறுபவை மிகச் சிலவே. அத்துடன் வாய்வழியாக உட்கொள்ளப்படும் இத்தகைய பெரிய மூலக்கூறில் குருதியைச் சென்றடையும் பங்கு சிறியது.

மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன? ஜப்பானில் பெருங்குடல் புற்றுநோய் முற்றிய 20 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2011இல் வெளியாயிற்று. கீமோதெரபியோடு ஃபியூகோய்டன் பெற்ற 10 பேரில் ஒருவருக்கே கடும் சோர்வு ஏற்பட்டது. அதனைப் பெறாத 10 பேரில் அறுவருக்கு ஏற்பட்டது. தாய்வானில் 54 நோயாளர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2017இல் வெளியாயிற்று. நோய் கட்டுக்குள் இருந்தோர் ஃபியூகோய்டன் பெற்ற பிரிவில் ஏறத்தாழ 93 வீதம், மற்றப் பிரிவில் 69 வீதம். ஆயினும் ஆயுட்காலத்தில் உறுதியான வேறுபாடு காணப்படவில்லை. இவை புறக்கணிக்கத்தக்க முடிவுகள் அல்ல. மேலும் ஆராய்வதற்குப் போதுமான காரணங்கள் இவற்றில் உண்டு. ஆனால் 20 பேரையும் 54 பேரையும் காட்டி உலகெங்குமுள்ள நோயாளர்களிடம் பணம் வாங்குவதற்கு இவை போதா.

கடலிலிருந்து புற்றுநோய்க்கு மருந்து வராது என்று நான் வாதிடவில்லை. ஏற்கெனவே வந்திருக்கிறது. கரிபியன் கடற்பஞ்சு ஒன்றில் கண்டறியப்பட்ட மூலக்கூறுகளின் வழியே உருவான சைற்றராபின், குருதிப் புற்றுநோய்க்கான மருந்தாக 1969இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஜப்பானியக் கடற்பஞ்சு ஒன்றிலிருந்து 1986இல் அறியப்பட்ட மூலக்கூறு, மார்பகப் புற்றுநோய்க்கான எரிபுலின் என்ற மருந்தாக அனுமதி பெற்றது 2010இல். இடையில் 24 ஆண்டுகள் கழிந்தன. பரவிய மார்பகப் புற்றுநோயுள்ள 762 பெண்களிடம் அது பரிசோதிக்கப்பட்டது. அதனால் கிடைத்த மேலதிக ஆயுள் சராசரியாக இரண்டரை மாதங்கள். இவ்வளவு உழைப்புக்குப் பின் உண்மையான மருந்து இவ்வளவு அடக்கமாகப் பேசுகிறது. அந்தப் பாதையில் பாதியைக்கூடக் கடவாத மாத்திரைகளின் விளம்பரங்களோ உரத்துப் பேசுகின்றன.

'நோய் எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும்' என்ற சொற்றொடரையும் சற்று உரசிப் பார்க்க வேண்டும். எதிர்ப்புச் சக்தி பாத்திரத்தில் நிரப்பும் தண்ணீர் அல்ல. அது எல்லை கடந்து தூண்டப்படும்போது சொந்த உடலையே தாக்கும். 2018ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை வென்ற கண்டுபிடிப்புகளின் வழி வந்த எதிர்ப்புச் சக்திச் சிகிச்சைகளில், தைரொயிட் சுரப்பியும் குடலும் நுரையீரலும் பாதிக்கப்படக்கூடும் என்பதனாற்றான் நோயாளர் தொடர்ந்து கண்காணிக்கப்படுகின்றனர். ஆகவே எந்தச் சக்தி, எவ்வளவு, எந்த நோயாளருக்கு என்று சொல்லாத வாக்குறுதி வெறும் வார்த்தையே.

'இயற்கைதானே, என்ன செய்துவிடும்' என்று கேட்போரும் உண்டு. ஃபியூகோய்டனுக்குக் குருதி உறைதலைத் தடுக்கும் இயல்பு இருக்கிறது. சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தவரும் குருதி உறையாதிருக்க மருந்து எடுப்பவரும் இதை அறிந்திருக்க வேண்டும். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயடீன் போதும். உலர்ந்த கொம்புப் பாசியின் ஒரு கிராமில் 2000 மைக்ரோகிராமுக்கும் மேல் இருக்கக்கூடும். தைரொயிட் புற்றுநோய்க்குக் கதிரியக்க அயடீன் பெறவுள்ளவர்கள் கடற்பாசியைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தப்படுவது இதனாலேயே. ஹிஜிக்கி என்ற பாசியை அதிலுள்ள ஆசனிக் நஞ்சு காரணமாக உண்ண வேண்டாம் என்று பிரித்தானிய உணவுத் தர முகவரகம் 2004இலேயே எச்சரித்தது.

பாசிகள் எல்லாம் ஒன்றல்ல என்பதையும் எமது மக்கள் மனதில் கொள்ள வேண்டும். வடபகுதிக் கரையோரத்தில் வளர்க்கப்படும் கப்பாபைகஸ், செம்பாசி வகையைச் சேர்ந்தது. அதிலிருந்து கிடைப்பது கராஜீனன். ஃபியூகோய்டன் அதில் இல்லை. கடற்பாசி என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒன்றின் புகழை மற்றொன்றுக்குச் சூட்டுவது எளிது.

மாத்திரையிலும் பெரிய ஆபத்து வேறொன்று. அமெரிக்க நோயாளர் பற்றிய பெரிய ஆய்வொன்று 2018இல் வெளியாயிற்று. வழமையான சிகிச்சையோடு வேறு வைத்தியமும் நாடியவர்களில் 34 வீதமானோர் கீமோதெரபியை மறுத்திருந்தனர். அவ்வாறு நாடாதவர்களில் 3 வீதமானோரே மறுத்திருந்தனர். முதற்பிரிவினருக்கு இறக்கும் அபாயம் இரு மடங்கு. அந்த வேறுபாட்டுக்கான விளக்கமும் பெரும்பாலும் அந்த மறுப்பிலேயே இருந்தது. போத்தல் ஒருவரைக் கொல்லாதிருக்கலாம். போத்தலை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது கொல்லும்.

பத்திரிகைகளுக்கும் இதில் பொறுப்புண்டு. நிறுவனம் அனுப்பும் குறிப்பை மருத்துவச் செய்தியாக அச்சிடும் ஆசிரியர்கள், அந்த ஆய்வு எலியில் நடந்ததா மனிதரில் நடந்ததா, எத்தனை பேரில் நடந்தது, அதற்குப் பணம் கொடுத்தவர் யார் என்ற மூன்று கேள்விகளையேனும் கேட்க வேண்டும். வைத்தியர்களும் நோயாளர் இவற்றைப் பற்றிப் பேச்செடுத்ததும் சீறி விழுதல் ஆகாது. சீற்றத்துக்கு அஞ்சியே பலர் மறைக்கிறார்கள். மறைத்து எடுக்கும் மாத்திரையே கூடுதல் ஆபத்தானது.

வெளிநாட்டிலிருந்து அன்போடு போத்தல் அனுப்பும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அனுப்புமுன் அதன் பெயரையும் உள்ளடக்கத்தையும் எழுதி, அம்மாவுக்குச் சிகிச்சையளிக்கும் வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால் அந்தப் பணத்தைக் கிளினிக்குக்குப் போய்வரும் வாகனச் செலவுக்கும் நல்ல உணவுக்கும் அனுப்புங்கள். குறித்த நாளில் தவறாமல் சிகிச்சைக்குப் போய்ச் சேர்வதற்கு அது உதவும்.