ரூபாய்க்கு 8 பைசா: தறிக்காரர் வீட்டுக் கணக்கு, நம்ம சம்பளத்துக்கும் செட் ஆகும்



சம்பளம் கிரெடிட் ஆன மெசேஜ் வருது. 5-ம் தேதிக்குள்ள வாடகை, பைக் டியூ, வீட்டுக்கு அனுப்பற பணம் எல்லாம் போயிடுது. நடுவுல ஒரு ஆஃபர் சேல். 20-ம் தேதி கிரெடிட் கார்டு பில். "மாசக் கடைசியில மீதி இருக்கறதை சேமிக்கலாம்"னு நினைச்சிருப்போம். ஆனா மீதி எதுவும் இருக்காது.

காஞ்சிபுரத்திலிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி பஸ்ல வேலைக்குப் போய்வர்றவங்க என்கிட்ட அதிகமா கேட்கற கேள்வி, "சார், செலவைக் கட்டுப்படுத்தறது எப்படி?" என்பதுதான். ஒரு ஆடிட்டரா என் கருத்தை நேரா சொல்லிடறேன். செலவைக் கட்டுப்படுத்தறதுல இருந்து ஆரம்பிச்சா பெரும்பாலும் தோத்துடுவோம். கையில இருக்கற பணத்தைத் தினமும் தொடாம இருக்கணும்னா தினமும் மனசோட சண்டை போடணும். அந்தச் சண்டையில ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் மனசுதான் ஜெயிக்கும். அதனால பணம் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே ஒரு பங்கு பிரிஞ்சு போயிடணும்.

இது நான் புதுசா கண்டுபிடிச்சது இல்ல. நம்ம ஊர்லயே இருக்கு. காஞ்சிபுரத்துல அறிஞர் அண்ணா, காமாட்சியம்மன் போன்ற பட்டு நெசவாளர் கூட்டுறவு சங்கங்கள் தெரியும்தானே? கூட்டுறவு சங்க நெசவாளர்களுக்கு 'சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டம்'னு தமிழ்நாடு அரசோட திட்டம் ஒண்ணு இருக்கு. நெசவாளர் வாங்கற கூலியில ஒவ்வொரு ரூபாய்க்கும் 8 பைசா பிடிச்சு அவர் பேர்ல சேர்ப்பாங்க. அதோட அரசும் தன் பங்கைப் போடும்.

தறிக்காரருக்கு மாசச் சம்பளம் கிடையாது. புடவையை நெய்து முடிச்சு சங்கத்துல கொடுத்தாதான் கூலி. ஒரு மாசம் அதிகமா வரும், ஒரு மாசம் குறையும். பாவு கிடைக்க லேட் ஆனாலும் வேலை நிக்கும். அப்படிப்பட்ட வருமானத்துக்குப் போட்ட கணக்கு, 1-ம் தேதி ஆனா சம்பளம் வர்ற நமக்கு நிச்சயமா ஒத்து வரும்.

இதனால நெசவாளர்கள் வசதியாயிட்டாங்கன்னு நான் சொல்ல வரல. கூலி எவ்வளவு கம்மின்னு ஊர்ல எல்லாருக்கும் தெரியும். சங்கத்துல இல்லாம தனியார்கிட்ட நெய்யறவங்களுக்கு இந்தப் பிடித்தமும் இல்ல, அரசுப் பங்கும் இல்ல. இதைப் படிக்கற சில பேர் வீட்டுல தறி ஓடியிருக்கும். அந்த வீட்டுக்கு வர்ற முதல் மாசச் சம்பளம் உங்களுடையதா இருக்கலாம். அது செலவாகியே தீர்ந்து போகக்கூடாதுன்னுதான் இவ்வளவு சொல்றேன்.

இந்த 8 பைசா கணக்குல நான் கவனிச்சது ரெண்டு விஷயம்.

முதலாவது, பிடித்தம் முன்னாடியே நடக்குது. நம்ம பி.எஃப்.பும் இப்படித்தான். பேசிக், டி.ஏ.ல 12% கண்ணுல படாமலேயே போயிடும். அதை நினைச்சு யாரும் ஏங்கறதில்ல, மீதியை வச்சே குடும்பம் நடக்குது.

இரண்டாவது, இது நிலையான தொகை இல்ல, விகிதம். நம்மில் பலர் வேலைக்குச் சேர்ந்த புதுசுல 1,000 ரூபாய் எஸ்.ஐ.பி. போடுவோம். நாலு இன்க்ரிமென்ட் வந்த பிறகும் அதே 1,000 ரூபாய்தான் ஓடிட்டிருக்கும். ஆனா போன் மாடலும் பைக்கும் சம்பளத்தோட சேர்ந்து ஏறியிருக்கும். ரூபாய்க்கு 8 பைசான்னு வச்சுட்டா இந்தப் பிரச்சினை வராது. கையில வர்ற சம்பளம் 25,000 ரூபாய்னா 2,000 ரூபாய் சேமிப்பு. அது 30,000 ஆனா 2,400. ஓ.டி.ல 4,000 வந்தா அதுல 320. தீபாவளி போனஸ் 20,000 வந்தா அதுல 1,600. மீதியைத் தாராளமா செலவு பண்ணுங்க, குற்ற உணர்ச்சியே வேண்டாம்.

மாசம் 2,000 ரூபாயை போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.ல 6.7% வட்டிக்கு 5 வருஷம் போட்டா என்ன ஆகும்? நீங்க கட்டினது 1,20,000. கைக்கு வர்றது சுமார் 1,42,700. கோடீஸ்வரர் ஆக முடியாது, சரிதான். ஆனா அம்மாவுக்கு திடீர்னு ஆபரேஷன்னா வெளியில வட்டிக்கு வாங்க வேண்டிய அவசியம் வராது.

"சார், நான் நகைச் சீட்டு கட்டறேனே, அது சேமிப்பு இல்லையா?"ன்னு கேட்பீங்க. பொருளுக்காக வாங்கின முன்பணத்தை ஒரு கம்பெனி 365 நாளுக்குள்ள சரிக்கட்டலைன்னா அது டெபாசிட் ஆயிடும்னு 2014-ம் வருஷ விதி சொல்லுது. பெரும்பாலான நகைத் திட்டங்கள் 11 மாசத்தோட முடியறதுக்கு அதுதான் காரணம். தங்கச்சி கல்யாணத்துக்கு நகை வேணும்னா நல்ல ஏற்பாடு, தப்பே இல்ல. ஆனா அது முன்கூட்டியே திட்டமிட்ட செலவு. ஆஸ்பத்திரி கவுன்ட்டர்ல உதவாது. 8 பைசாவை இதுல சேர்க்காதீங்க.

ஒரு முக்கியமான விதிவிலக்கு. கிரெடிட் கார்டு பாக்கி வச்சிருந்தா ஆர்.டி.யை மறந்துட்டு முதல்ல அதை அடைங்க. 50,000 பாக்கி, மாசம் 3.5% வட்டின்னு வைங்க. வட்டி 1,750. அதுக்கு 18% ஜி.எஸ்.டி. 315. ஆக மொத்தம் 2,065. மினிமம் டியூ 5%ன்னு 2,500 கட்டினா, அசல்ல குறையறது வெறும் 435 ரூபாய்! இந்தப் பக்கம் 6.7% சம்பாதிச்சுக்கிட்டு அந்தப் பக்கம் வருஷத்துக்கு 42% கட்டறது எந்தக் கணக்குலயும் சேராது.

'நோ காஸ்ட் இ.எம்.ஐ.'யும் இலவசம் இல்ல. ஜீரோ வட்டின்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013-லயே வங்கிகளுக்குச் சொல்லிடுச்சு. ப்ராசஸிங் ஃபீஸ், வட்டி மேல ஜி.எஸ்.டி., கைவிட்டுப் போன கேஷ் டிஸ்கவுன்ட்னு ஏதோ ஒரு ரூபத்துல நாமதான் கட்டறோம்.

சரி, எப்படி ஆரம்பிக்கறது?

1. சம்பளம் வர்ற பேங்க்ல இல்லாம வேற பேங்க்ல ஒரு அக்கவுண்ட் வைங்க. அதை ஜிபே, போன்பேல இணைக்காதீங்க.

2. சம்பளம் வர்ற தேதிக்கு மறுநாளே 8% அங்க போற மாதிரி ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் கொடுங்க. இன்க்ரிமென்ட் லெட்டர் வர்ற அன்னிக்கே தொகையை மாத்துங்க.

3. முதல்ல மூணு மாசச் செலவுக்கான பணம் சேரட்டும். அதுக்கப்புறம் ஆர்.டி., எஸ்.ஐ.பி. பத்தி யோசிக்கலாம்.

4. கம்பெனி மாறும்போது பி.எஃப். பணத்தை எடுக்காதீங்க, அதே யு.ஏ.என்.ல புது கம்பெனிக்கு டிரான்ஸ்ஃபர் பண்ணுங்க. பொதுவா 5 வருஷத் தொடர் சர்வீஸ் முடியறதுக்குள்ள எடுத்தா வரியும் வரும். டிரான்ஸ்ஃபர் பண்ணினா பழைய சர்வீஸும் கணக்குல சேரும்.

குடும்பமே உங்க ஒருத்தர் சம்பளத்துல ஓடுதுன்னா 8 பைசா கஷ்டம்தான், புரியுது. 2 பைசால ஆரம்பிங்க. 25,000-ல 500 ரூபாய். ஒவ்வொரு இன்க்ரிமென்ட்டுக்கும் ஒரு பைசா ஏத்துங்க.

கடைசியா ஒண்ணு. 2019-ல அத்திவரதர் தரிசனத்துக்கு நம்ம ஊரே நிரம்பி வழிஞ்சது ஞாபகம் இருக்கும். அதுக்கு முன்னாடி 1979, அடுத்தது 2059. 1999-ல பிறந்தவங்களுக்கு அப்போ 60 வயசு. சம்பள மெசேஜ் நின்னு போயிருக்கும், ஆனா வாடகையும் மருந்துச் செலவும் நிக்காது. அந்த மாசச் செலவுக்கான பணம், இந்த மாசச் சம்பளத்திலிருந்துதான் போகணும். அடுத்த சம்பளம் வர்றதுக்குள்ள அந்த ரெண்டாவது அக்கவுண்ட்டை ஓப்பன் பண்ணிடுங்க.