வல்லினம் கேளாத பிள்ளைகள்

வடசென்னைப் பிள்ளைகளின் நாவில் தமிழ் நிற்பதில்லை என்று இலக்கியக் கூட்டங்களில் சலித்துக்கொள்வோருக்குத் தலையசைத்தவர்களில் நானும் ஒருவன். கல்லூரியில் தமிழ் கற்பிப்பவன் என்பதால் அந்தச் சலிப்பை ஒரு தகுதியாகவே கருதியிருந்தேன். இன்று அதை எதிர்த்து எழுதுகிறேன்.

திருவொற்றியூரில் வளரும் என் தங்கை மகனுக்கு அப்போது ஆறு வயது. 'படகு' என்று சொன்னால் 'அடகு' என்று எழுதுவான். சட்டையை எடுத்துவரச் சொன்னால் அட்டையோடு வந்து நிற்பான். "வீட்டுப் பேச்சு அப்படி சார்" என்றார் ஆசிரியை. நானும் அதை நம்பி, விடுமுறை முழுவதும் உச்சரிப்பைத் திருத்தினேன். அவன் தெருவில் படகை அடகு என்பவர் எவருமில்லை. வட்டார வழக்கு என்பது ஊரே பகிர்ந்துகொள்ளும் ஒழுங்கு; ஒரு பிள்ளையிடம் மட்டும் காணும் பிழை வழக்கு ஆகாது. முதுகலை படித்த எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அவனுடைய இரு செவிப்பறைகளுக்குப் பின்னும் நீர் தேங்கியிருந்தது.

மூக்கின் பின்புறத்தையும் நடுச்செவியையும் இணைக்கும் குழல் சிறுவர்களுக்குக் குட்டையானது, ஏறக்குறையக் கிடைமட்டமானது. சளியாலோ மூக்கடிச் சதையாலோ அது சரிவர இயங்காதபோது உள்ளே நீர் சேர்கிறது. பெரும்பாலும் வலியில்லை, காய்ச்சலில்லை; ஆகவே புகாருமில்லை. கேட்கும் திறன் ஏறத்தாழ 25 டெசிபல் குறையும். உயிரொலிகள் அதைத் தாண்டி வந்துவிடும். நாம் வல்லினம் என்று பெயரிட்ட க, ச, ட, த, ப ஒலிகள்தாம் செவிக்கு மிக மெலியவை; முதலில் தப்புவனவும் அவையே. கன்டெய்னர் லாரிகள் ஓயாது செல்லும் எண்ணூர் நெடுஞ்சாலையோரத்து வகுப்பறையில் மிச்சமும் மூழ்கிப்போகும். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பான். எனவே 'காது நன்றாயிருக்கிறது, கவனம்தான் இல்லை' என்று தீர்ப்பெழுதுகிறோம்.

நோய் தெரிந்தபின் இரண்டு தவறான குரல்கள் கேட்டன. "வளர்ந்தால் சரியாகும்" என்றனர் உறவினர். "நாளைக்கே அறுவை" என்றார் முதலில் பார்த்த மருத்துவர். பல பிள்ளைகளுக்கு இந்நீர் மூன்று மாதங்களில் தானே வற்றிவிடும்; நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளால் பயன் சொற்பம். ஆகவே காத்திருக்கலாம். ஆனால் முறையான கேட்டல் சோதனைக்குப் பின் காத்திருக்க வேண்டும். மீண்டும் சோதிக்க வேண்டும். சோதனையின்றிக் காத்திருப்பது பொறுமையல்ல, அலட்சியம்.

இரு செவியிலும் நீர் வற்றாமல், கேட்கும் திறனும் குறைந்தே இருந்தால், செவிப்பறையில் சிறு துளையிட்டு நீரை உறிஞ்சிக் குழாய் பொருத்துவது தக்க வழி. அமெரிக்க மருத்துவர் ஆம்ஸ்ட்ராங் 1954இல் மீண்டும் வழக்குக்குக் கொணர்ந்த முறை இது. பெரும்பாலும் ஓராண்டுக்கு முன்பின்னாகக் குழாய் தானே விழுந்துவிடும். சிலருக்குச் சீழ் வடியும்; மிகச் சிலருக்குத் துளை மூடாமல் நிற்கும். இக்குறைகளையும் பெற்றோரிடம் சொல்லத்தான் வேண்டும்.

மூன்று மாதத்துக்குப் பின் எங்கள் பிள்ளைக்கும் பொருத்தினார்கள். வீடு திரும்பிய சில நாட்களில் அவன் கேட்டான்: "மாமா, ஏன் கத்துறீங்க?" ஓராண்டாக நாங்கள் அனைவரும் கத்தித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் முப்பது குறைபாடுகளில் நடுச்செவி அழற்சியும் கேட்டல் குறையும் உண்டு. பட்டியல் போதாது. இராயபுரம் முதல் எண்ணூர் வரை முதல் வகுப்பில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும், அமைதியான அறையில், கருவி கொண்டு செவியைச் சோதிக்க வேண்டும். அதுவரை அப்பிள்ளைகளின் தமிழைப் பழிக்க நமக்கு உரிமையில்லை. ஒலிகள் வாயில் எங்கெங்கே பிறக்கின்றன என்று பிறப்பியலை மனப்பாடமாக ஒப்பிக்கிறோம். எதிரே அமர்ந்திருக்கும் பிள்ளையின் செவிக்கு அவை போய்ச் சேர்ந்தனவா என்று கேட்க நமக்கு எந்த இலக்கணமும் தடையில்லை.